எடைச்சீட்டு சொன்ன கணக்கு

2023 செப்டம்பர் கடைசி வாரத்தில், இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலிருந்து கின்னௌர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்த நாங்கள், சிம்லாவுக்கு முன்னால் ஆப்பிள் லாரிகள் வரிசை கட்டி நின்ற ஓர் எடைமேடையில் எங்கள் மாருதி ஜிம்னி வண்டியையும் ஏற்றி நிறுத்தினோம். எத்தனை பெட்டி ஏற்றியிருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்ட எடைமேடைக்காரரிடம், பெட்டி எதுவும் இல்லை, வண்டியின் எடையைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தோம் என்று என் மைத்துனன் விளக்கினான். அவர் எங்கள் மேற்கூரையில் இருந்த மூட்டை முடிச்சுகளை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். சீட்டில் 1,680 கிலோ என்று அச்சாகி வந்தது. ஆட்கள், எரிபொருள், சுமை எல்லாவற்றையும் சேர்த்து அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோதான். ஏற்றக்கூடிய சுமை முழுவதையும் ஏற்றிய பிறகு, அதற்கும் மேலே இன்னும் இரண்டு ஆட்களை உட்காரவைத்தது போன்ற 135 கிலோவைச் சுமந்துகொண்டு அந்த வண்டி இமயமலையின் மிக மோசமான சாலைகளுள் ஒன்றைக் கடந்து வந்திருந்தது.

நான் கோவையில் பம்பு தயாரிக்கும் ஃபவுண்டரி ஒன்றில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வார்ப்படம் ஒவ்வொன்றையும் எடை போட்டுக் குறித்த பிறகே வெளியே அனுப்பும் வழக்கமுடைய ஒருவன், தன் சொந்த வண்டியை எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்து புறப்படும்போது நினைக்கவில்லை. மலைப்பாதைக்கு வண்டி வாங்கப் போகிறேன், என்னென்ன மாட்டலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால், பேச்சைத் தொடங்குவதற்கு முன் பர்சில் மடித்து வைத்திருக்கும் அந்தச் சீட்டை எடுத்து நீட்டுகிறேன்.

வண்டியைத் தேர்ந்தெடுத்த கதையிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் காட்டுப் பாதைகளில் தனியார் வண்டிகளுக்கு அனுமதி கிடைப்பதில்லை. யானைகள் நடமாடும் இடத்தில் நாம் பொழுதுபோக்காக வண்டி ஓட்டாமல் இருப்பதே நியாயமும்கூட. ஆகவே கரடுமுரடான நெடும்பாதை வேண்டும் என்றால் வடக்கே போக வேண்டும். கோவையிலிருந்து மணாலி ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். நான் ஆசைப்பட்ட மோசமான சாலையோ, மணாலியைத் தாண்டி ஸ்பிதிக்குப் போகும் வழியில் கிராம்ஃபூவிலிருந்து பாத்தல் வரை சுமார் 50 கிலோமீட்டர். போக வர 6,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் இடுப்பு நோகாமல் ஓட வேண்டும், அந்த 50 கிலோமீட்டரில் உடையாமல் தாண்ட வேண்டும் என்ற இரண்டு தேவைகளும் ஒரே வண்டியில் பொருந்த வேண்டும். கடையிலோ படத்திலோ பார்த்து மயங்குகிறவர்கள் இந்த விகிதத்தை மறந்துவிடுகிறார்கள்.

என் முன்னால் நான்கு வண்டிகள் இருந்தன. பழைய மாருதி ஜிப்ஸி மீது எனக்குத் தீராத காதல் உண்டு. ராணுவமே பல ஆண்டுகள் ஓட்டிய, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய வண்டி அது. ஆனால் நல்ல நிலையில் கிடைத்தவை எல்லாம் வயதானவை. 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குத் தில்லியில் தடை இருந்ததால் வடக்கே போகும் வழியே தலைவலியாகியிருக்கும். மஹிந்திரா தார் வண்டியில் 130 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், 226 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 650 மில்லிமீட்டர் வரை நீரில் இறங்கும் திறன் என எல்லாமே தாராளம். ஃபோர்ஸ் கூர்க்காவில், ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதும் சேர்ந்தே சுழலும்படி முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதியும், எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்கலும் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தப்பட்டு வருகின்றன. பாதையின் கடுமையை மட்டும் வைத்துப் பார்த்தால் நான்கிலும் அதுவே முரட்டு வண்டி.

இவ்வளவையும் பார்த்த பிறகு ஜிம்னியை எடுத்ததற்கு முதற்காரணம் அதன் எடை. எந்தச் சுமையும் இல்லாமல் 1,200 கிலோவை ஒட்டியே நிற்கும் அது, தாரைவிடக் கிட்டத்தட்ட அரை டன் குறைவு. சேற்றில் புதைந்தால் நான்கு பேர் தள்ளி வெளியே எடுத்துவிடலாம். அடுத்தது அகலம். 1,645 மில்லிமீட்டர் அகலமுள்ள வண்டிக்கும் 1,820 மில்லிமீட்டர் அகலமுள்ள தார் வண்டிக்கும் இடையே ஒரு சாண் வித்தியாசம்கூட இல்லையே என்று கோவையில் இருக்கும்போது தோன்றும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இருநூறு அடிப் பள்ளம், எதிரே அரசுப் பேருந்து என்ற நிலையில் பின்னோக்கி ஒதுங்கும்போது அந்த ஒரு சாணில்தான் நம் சக்கரம் நிற்கிறது. அதன் மேல், புதிய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. பிடித்த கரியை அது சுட்டெரிக்க எஞ்சின் ஓரளவு வேகத்தில் தொடர்ந்து ஓடி வெப்பம் ஏற வேண்டும். நாள் முழுவதும் மணிக்கு பத்து கிலோமீட்டரில் ஊர்ந்தால் கரி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். அதை எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்தவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. எனக்கு அந்தக் கவலையே வேண்டாம் என்று பெட்ரோல் பக்கம் போனேன்.

பெட்ரோல் எஞ்சினுக்கான விலையை மலையில் கொடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின், ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். கடல்மட்டத்தில் 103 குதிரைத்திறன் தரும் எஞ்சின், 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயில் 60 தந்தால் பெரிது. அந்த உயரத்தில் கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்துவிட்டால், முதல் கியரில்கூட வண்டி முனகிக்கொண்டு நிற்கும். அப்போது கைகொடுப்பது துணைக் கியர்ப்பெட்டியின் தாழ்நிலை, அதாவது ஓட்டுநர்கள் ‘ஃபோர் லோ’ என்று சொல்வது. அது எஞ்சினின் பலத்தைக் கூட்டுவதில்லை. வேகத்தைப் பாதியாக்கி, சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசையை இரட்டிப்பாக்குகிறது. மலைப்பாதைக்கு வண்டி பார்க்கிறவர் நான்கு சக்கர இயக்கம் உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. தாழ்நிலை உண்டா என்றும் கேட்க வேண்டும். அது இல்லாத நான்கு சக்கர இயக்கம் மழைக்கும் பனிக்கும் உதவும், செங்குத்தான கற்பாதைக்குப் போதாது.

தாழ்நிலையை எப்படிப் பயன்படுத்துவது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சூரியநெல்லியில் ஜீப் ஓட்டும் ஒருவர். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும், வண்டிப்பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. உள்ளூர் ஜீப்பில்தான் போக முடியும். நான்கைந்து முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு போனேன். கரும்பாறைப் படிகள் போல இருந்த ஓர் இறக்கத்தில் அவர் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, எதையும் மிதிக்காமல் உட்கார்ந்திருந்தார். வண்டி எஞ்சினின் பிடியிலேயே ஒவ்வொரு படியாக இறங்கியது. “சார், எறக்கத்துல கிளட்ச்சத் தொட்டா வண்டி நம்ம பேச்சக் கேக்காது. அது பாட்டுக்கு எறங்கும், நீங்க ஸ்டியரிங்க மட்டும் பாத்துக்கங்க” என்றார். பின்னர் நண்பர் ஒருவரின் தோட்டத்தில், மழை அரித்துப்போட்ட சரிவு ஒன்றில் நாள் முழுக்க இதைப் பழகினேன். பட்டறையில் செலவழித்த பணம் எதுவும் அந்த ஒரு நாளுக்கு ஈடாகாது.

இனி நான் செய்த பிழைகளுக்கு வருகிறேன். வண்டி வீட்டுக்கு வந்த மறுமாதமே, துணைப்பொருட்கள் விற்கும் ஒரு கடையில் மணிக்கணக்கில் உட்கார ஆரம்பித்தேன். மேற்கூரையில் இரும்புக் கேரியர் 48 கிலோ, அதன் மேல் மடித்து விரிக்கும் கூடாரம் 55 கிலோ, முன்பக்கம், சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் கம்பிவடம் சுற்றிய வின்ச் 45 கிலோ, இரண்டாவது ஸ்டெப்னி 22 கிலோ, இருபது லிட்டர் பெட்ரோல் கேன்கள் இரண்டு நிரப்பிய நிலையில் 39 கிலோ, ஆளுயர ஜாக் 13 கிலோ, தண்ணீர் 40 லிட்டர், கருவிப்பெட்டி 25 கிலோ, அடுப்பும் உணவும் 20 கிலோ, துணிமணி 30 கிலோ. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. கூட்டினால் 337 கிலோ. நாங்கள் இருவரும் சேர்ந்து 150 கிலோ. இந்த வண்டி சுமக்கக்கூடியது மொத்தமே 350 கிலோவுக்குள் என்பது கையேட்டில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

இது போதாதென்று இரண்டு அங்குலம் உயர்த்தும் ஸ்பிரிங்குகளையும் மாட்டினேன். முன்னும் பின்னும் ஒற்றைத் தண்டாக அச்சு இருக்கும் வண்டியை உயர்த்தும்போது, முன்சக்கரம் திரும்பும் சுழல்கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் மாறுகிறது. அதைச் சரிசெய்யும் புஷ்களை மாற்றாமல் விட்டால், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் தன்மை குறைந்து, நேரான சாலையிலும் வண்டி அங்கும் இங்கும் அலையும். கிருஷ்ணகிரியைத் தாண்டியதிலிருந்து மணாலி வரை நாங்கள் அதை மாறி மாறிப் பிடித்துக்கொண்டே போனோம். எல்லாம் சேர்ந்து உயரத்தில் ஏறிய எடையால், காற்று பலமாக வீசும்போதும் லாரிகளைத் தாண்டும்போதும் வண்டி தள்ளாடியது தனி.

முன்பக்க இரும்புத் தடுப்புக் கம்பியை மாட்டச் சொல்லியும் கடையில் வற்புறுத்தினார்கள். அது மட்டும் வேண்டாம் என்றேன். மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அத்தகைய கம்பிகளைத் தடை செய்துவிட்டது, காற்றுப்பையின் செயல்பாட்டையும் அது கெடுக்கக்கூடும். பொதுவாகவே, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச்சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. ஏழெட்டு மாநிலங்களைக் கடக்கும் பயணத்தில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதைவிட, விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் இதைக் காட்டிக் கையை விரிக்கக்கூடும் என்பதே என் கவலை.

மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி, கோக்ஸர் வழியாகக் கிராம்ஃபூவை நாங்கள் அடைந்தபோது பகல் பன்னிரண்டு ஆகிவிட்டது. காலை ஆறு மணிக்கே அங்கே இருந்திருக்க வேண்டும். அந்தச் சாலை நெடுக மலைமேலிருந்து ஓடைகள் சாலையின் குறுக்கே விழுந்து ஓடுகின்றன. இரவில் பனிக்கட்டி உறைந்திருப்பதால் விடியற்காலையில் கணுக்கால் அளவில் இருக்கும் நீர், வெயில் ஏறி உருகத் தொடங்கியதும் பிற்பகலில் முழங்காலைத் தாண்டிவிடும். மூன்றரை மணிக்கு நாங்கள் ஒரு பெரிய ஓடையின் முன் நின்றோம். சாம்பல் நிறத் தண்ணீர். அடியில் உள்ள கல் தெரியவில்லை. கற்கள் ஒன்றோடொன்று உருண்டு மோதும் ஓசை மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரே நாளில் 2,000 மீட்டர் உயரத்திலிருந்து ஏறி வந்ததால் எனக்கு நெற்றிப்பொட்டில் வலி தெறித்தது. “மாமா, யாராச்சும் ஒரு வண்டி முதல்ல போகட்டும், பாத்துட்டுப் போலாம்” என்றான் மைத்துனன். அவன் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

நடு ஓடையில் முன்சக்கரம் ஒரு கல்லிலிருந்து வழுக்கி இறங்கியது. சுமையால் ஏற்கெனவே தாழ்ந்திருந்த பின்பகுதி இன்னொரு கல்லின் மேல் ‘ணங்’கென்று உட்கார்ந்தது. சக்கரங்கள் சுழன்றன, வண்டி அசையவில்லை. மேற்கூரையில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. அப்போதுதான், இவ்வளவு தூரம் சுமந்து வந்த வின்ச்சின் நினைவு வந்தது. கம்பியை இழுத்துக்கொண்டு இறங்கி மறுகரைக்குப் போன மைத்துனன், கம்பியின் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நாலாபுறமும் பார்த்தபடி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. லாஹௌலின் அந்தப் பகுதியில் மரமே கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை கூழாங்கல்லும் சரளையும், கட்டினால் கம்பியோடு சேர்ந்து உருண்டு வரும் பாறைகளும்தான். மரங்கள் அடர்ந்த நாட்டுக்காரர்களின் காணொளிகளைப் பார்த்து வாங்கிய 45 கிலோ இரும்பு அது.

இருபது நிமிடம் கழித்து எதிர்த்திசையில் காய்கறி ஏற்றிவந்த ஒரு பிக்அப் வண்டி எங்களை இழுத்தது. அதிலும் ஒரு பாடம். அவசரத்தில் நான் கயிற்றை மாட்டியது, வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவரும்போது அசையாமல் கட்டி வைப்பதற்கான மெல்லிய வளையத்தில். பிக்அப் ஓட்டுநர் குனிந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் கயிற்றைக் கழற்றி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட் போட்டிருந்த இழுவைக் கொக்கியில் மாட்டினார். அந்த மெல்லிய வளையம் அறுந்திருந்தால், இறுகிய கயிற்றின் முனையில் அது தோட்டா போலப் பறந்திருக்கும். எங்கே கட்டினால் தாங்கும் என்பதை ஊரிலேயே படுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னாலும் பின்னாலும் சேஸிஸோடு இணைந்த கொக்கி இல்லாத வண்டியில் வேறு எதை வாங்கினாலும் பயனில்லை.

பாத்தல் போய்ச் சேர்ந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது, இரும்புக் கேரியரின் ஆறு கால்களில் இரண்டு பற்றவைத்த இடத்தில் விண்டிருந்தன. கூடாரத்தை இறக்கிப் பின்னிருக்கையில் திணித்து, கேரியரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, குன்சுமைத் தாண்டி ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸா போனோம். கணவாயின் உச்சியில் ஓட்டுநர்கள் எல்லோரும் குன்சும் மாதா கோயிலை வலம் வந்த பிறகே இறங்குகிறார்கள். அன்று நாங்கள் சுற்றிய சுற்றில் பக்தியைவிட நன்றி அதிகம்.

அடுத்த செப்டம்பரில் மீண்டும் புறப்படுவதற்கு முன், ஏறியதையெல்லாம் இறக்கினேன். உயர்த்தும் ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பழையதையே மாட்டினேன். கேரியர், வின்ச், இரண்டாவது ஸ்டெப்னி, மேற்கூரைக் கூடாரம் நான்கும் பாதி விலைக்குப் போயின. தரையில் விரிக்கும் 4 கிலோக் கூடாரம் ஒன்று வாங்கினேன். பெட்ரோல் கேன் விஷயத்தில் கணக்கு இன்னும் எளிது. மணாலியிலிருந்து காஸா வரை, சந்திரதால் ஏரிக்குப் போய் வரும் தூரத்தையும் சேர்த்து 230 கிலோமீட்டருக்குள் இருக்கும். தாழ்நிலையில் ஊர்ந்தாலும் லிட்டருக்கு 9 கிலோமீட்டருக்குக் குறையவில்லை. ஆக 26 லிட்டர் போதும், தொட்டியில் இருப்பது 40. காஸாவில் உள்ள பங்கில் இருப்பு தீர்ந்துபோகும் நாள்கள் உண்டு என்பதற்காக மட்டும் பத்து லிட்டர் உலோகக் கேன் ஒன்று வைத்துக்கொண்டேன். அதையும் கழுத்து வரை நிரப்புவதில்லை. உயரத்தில் ஆவியின் அழுத்தத்தால் கேன் உப்பிக்கொள்ளும். மூடியைச் சட்டென்று திறந்தால் பெட்ரோல் முகத்தில் அடிக்கும்.

மிச்சப்பட்ட பணத்தில் பெரும்பகுதி டயருக்குப் போயிற்று. தொழிற்சாலையிலிருந்து வந்த 195/80 அளவு சாலை டயர்களுக்குப் பதிலாக, 215/75 அளவில், கல்லுக்கும் தாருக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர்கள் ஐந்து. ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதால் ஐந்து. சுற்றளவில் வித்தியாசம் சொற்பம்தான், ஆனால் பக்கச்சுவரின் தடிப்பு அதிகம். அந்தச் சாலையில் டயர் கிழிவது மிதிக்கும் இடத்தில் அல்ல, கூரான கல் உரசும் பக்கச்சுவரில். அங்கே கிழிந்ததைப் பஞ்சர் ஒட்ட முடியாது. சேற்றுக்கான பெரிய பட்டன் டயர்களைக் கடைக்காரர் காட்டினார். 6,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் அவற்றின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு போக எனக்குப் பொறுமை இல்லை, ஈரத் தார்ச்சாலையில் பிடிமானமும் குறைவு.

டயரைவிட முக்கியம் அதிலுள்ள காற்று. நெடுஞ்சாலையில் 28 பாயிண்ட் வைத்தால், கற்பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி 20 ஆகக் குறைக்கிறேன். காற்று குறைந்த டயர் கல்லின் மேல் விழும்போது அதைத் தழுவிக்கொண்டு ஏறுகிறது. இறுக்கமான டயர் தட்டி எறிகிறது. அந்த எட்டு பாயிண்டில் வண்டியின் குலுக்கலும், நட்டுகள் தளர்வதும், நம் முதுகுவலியும் பாதியாகக் குறைந்தன. முந்தைய ஆண்டு நான் காற்றைத் தொடவே இல்லை. இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும்: மேலே போகப் போக வெளியிலுள்ள காற்றழுத்தம் குறைவதால், கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் போலவே டயரும் இறுகும். கோவையில் 28 வைத்த டயர் அதே வெப்பநிலையில் குன்சுமில் 33க்கு மேல் காட்டும். குளிர் அதில் நாலு பாயிண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே சமவெளியில் அளந்த அளவை நம்பாமல், விடியற்காலையில் டயர் சூடேறும் முன் ஒரு சிறிய அளவியால் பார்த்துக்கொள்கிறேன். திரும்ப நிரப்புவதற்கு, பேட்டரியில் நேரடியாகக் கவ்விகள் மாட்டும் கம்ப்ரசர் வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மலிவுச் சாமான் இரண்டாவது டயரிலேயே ஃபியூஸைப் போக்கிவிடும்.

மீட்புக்கு இப்போது வைத்திருப்பவை: நீண்டு சுருங்கும் நைலான் கயிறு ஒன்று, கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் துணி ஷேக்கிள்கள் இரண்டு, சக்கரத்தின் கீழ் செருகும் பலகை இரண்டு, குட்டை மண்வெட்டி, ஜாக்கின் அடியில் வைக்க ஒரு தடித்த மரப்பலகை, தடித்த கையுறை. எல்லாம் சேர்ந்து 18 கிலோவைத் தாண்டாது. நீளும் கயிற்றை இழுவைக் கொக்கியில் மாட்டும்போது அதன் நடுவில் ஒரு கனத்த சாக்கையோ ஜமுக்காளத்தையோ போட்டுவிட வேண்டும். அறுந்தால் பறக்கும் வேகத்தை அது அடக்கும். அருகில் ஆட்களை நிற்க விடக் கூடாது. தனியாகப் போகிறவருக்கு இவை எதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் கயிற்றுக்கு இரண்டு முனை உண்டு. மறுமுனையில் ஒரு வண்டி வேண்டும். அதனால்தான் இரண்டாம் முறை பாத்தலில் இரவு தங்கி, விடியலில் புறப்பட்ட இரண்டு உள்ளூர் வண்டிகளின் பின்னாலேயே போனோம்.

தொடர்புக்கு வழி என்ன என்று கேட்பவர்களுக்கு என்னிடம் மகிழ்ச்சியான பதில் இல்லை. இந்தியாவில் செயற்கைக்கோள் தொலைபேசியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து நண்பர்கள் கொண்டுவந்து தரும் அவசரச் செய்திக் கருவிகளும் அதே வலையில் சிக்கும். கோக்ஸரைத் தாண்டினால் பெரும்பாலான இடங்களில் செல்பேசி வேலை செய்யாது. எந்த நாளில் எந்த ஊரில் இருப்போம், எந்த மணிக்குள் அழைப்பு வராவிட்டால் யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். 2023 ஜூலையில் திடீர்ப் பனியில் சந்திரதால் முகாம்களில் 300 பேர் அளவுக்குச் சுற்றுலாப் பயணிகள் நாட்கணக்கில் சிக்கியிருந்தார்கள். அது போன்ற நேரத்தில் வண்டியின் திறமையால் யாரும் வெளியே வருவதில்லை. நான்கு நாளைக்கு உணவும், கதகதப்பான படுக்கைப் பையும் உள்ளவர் நிம்மதியாகக் காத்திருக்கிறார். துணைப்பொருட்களின் பட்டியலில் இவை இரண்டையும் எழுதுகிறவர்கள் குறைவு.

உடலுக்கும் அதே பொறுமை வேண்டும். இரண்டாம் முறை சிம்லா, கல்பா, நாக்கோ, தாபோ என்று கின்னௌர் வழியாகச் சில நாள்களில் படிப்படியாக ஏறிக் காஸாவை அடைந்து, மணாலி பக்கம் இறங்கினோம். தலைவலி எட்டிப் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டு அந்த ஓடையில் நான் எடுத்த முடிவில் பாதி, ஆக்சிஜன் குறைந்த மூளை எடுத்தது என்றே இப்போது நினைக்கிறேன்.

அதே ஓடையை இரண்டாம் முறை காலை ஏழு மணிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சந்தித்தோம். தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தது. அடியிலிருந்த கற்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மைத்துனன் நடந்து கடந்து, எந்தக் கல்லுக்கு இடப்பக்கம் சக்கரம் வர வேண்டும் என்று மறுகரையில் நின்று கையைக் காட்டினான். நடந்து கடக்கத் துணிவில்லாத தண்ணீரில் வண்டியை இறக்குவதில்லை என்று இப்போது விதி வைத்திருக்கிறோம். தாழ்நிலையில் இரண்டாம் கியர், சீரான மிதி, நடுவில் கியர் மாற்றமோ கிளட்ச்சோ இல்லை. தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது என்பதையும் அவனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், அழுத்த முடியாத அந்தத் தண்ணீரோடு மோதி இணைப்புத்தண்டு வளைந்துவிடும். சாதாரணக் காப்பீட்டில் அந்தச் செலவைத் தரமாட்டார்கள், எஞ்சின் பாதுகாப்பு என்று தனியே பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மறுகரை ஏறியதும் ஈரம் காய பிரேக்கை நான்கைந்து முறை மெல்ல மிதித்துக்கொண்டே போனேன். முழுவதும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்த முறை புறப்படுவதற்கு முந்தைய மாலை, கோவையில் பழைய இரும்பு லாரிகள் எடை போடும் மேடை ஒன்றில் நாங்கள் இருவரும் உட்கார்ந்த நிலையில் எடுத்த சீட்டில் 1,460 கிலோ என்று இருக்கிறது. திரும்பி வந்த மறுநாள் வண்டியைப் பட்டறைக் குழியின் மேல் நிறுத்தி, அடிப்பக்க நட்டுகள் ஒவ்வொன்றையும் மெக்கானிக் ஸ்பேனர் வைத்துப் பார்த்தார். பின்பக்க ஷாக் அப்சார்பரின் கீழ் நட்டு ஒன்று அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. “இதுக்கா சார் இவ்ளோ நேரம் எறங்கிப் பாக்கச் சொன்னீங்க?” என்று கேட்டுக்கொண்டே இறுக்கிவிட்டு மேலே ஏறி வந்தார்.